சாட்சிக் கையெழுத்து

1971 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிரெஞ்சு மொழித் தத்துவச் சங்கங்களின் மாநாடு ஒன்று நடந்தது. மாநாட்டுப் பொருள் 'தகவல்தொடர்பு'. ழாக் தெரிதா அங்கே வாசித்த கட்டுரைதான் 'கையெழுத்து, நிகழ்வு, சூழமைவு'. அதற்கு மூன்று மாதம் முன்பு, மே 18 அன்று, அதே நகரத்தின் ஹாக்கி அணியான கனடியன்ஸ், சிகாகோவில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்து ஸ்டான்லி கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்திருந்தது. அணித் தலைவர் ழான் பெலிவோ. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். ஜூன் மாதம் ஓய்வை அறிவித்தார். தெரிதாவுக்கு ஹாக்கி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பெலிவோ தெரிதாவைப் படித்திருக்கவும் வேண்டாம். ஆனால் கையெழுத்து என்றால் என்ன என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த ஊரில், இன்னொருவர் இருபது வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நீட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கும்படியாக. இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு விளக்கம். நமக்கு ஹாக்கி என்றால் தியான்சந்தும் புல்தரையும். கனடாவில் ஹாக்கி என்று மொட்டையாகச் சொன்னால் அது பனித்தளத்து ஹாக்கிதான். மற்றதுக்குத்தான் அங்கே அடைமொழி வேண்டும். மையம் எது, விளிம்பு எது என்பதை ஒரு அடைமொழி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு அப்பாவும் பிள்ளையும் ஹாக்கி வீரர்களிடம் கையெழுத்துச் சேகரிப்பது எப்படி நடக்கிறது? ஆட்டம் நடக்கிற பெரிய அரங்கில் அது அநேகமாக நடப்பதில்லை. பயிற்சி நடக்கிற சின்னத் தளத்தின் பின்வாசல், வீரர்களின் கார்கள் வெளியேறும் வழி, வெளியூர் அணி தங்கியிருக்கிற ஹோட்டலுக்கும் பஸ்ஸுக்கும் இடையிலிருக்கிற பத்துப் பதினைந்து அடி நடைபாதை: இவைதாம் இடங்கள். மாதம் ஜனவரியோ பிப்ரவரியோ. குளிரில் பேனா மை உறைந்துவிடும் என்று அப்பா பேனாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார். வழவழப்பான அட்டையில் மை நிற்காமல் திரண்டுவிடும். அதற்காக முதல் நாள் ராத்திரியே அழிரப்பரால் லேசாகத் தேய்த்தோ பவுடர் போட்டுத் துடைத்தோ தயார்செய்வது உண்டு. கறுப்பு ரப்பர் 'பக்' என்றால் வெள்ளி நிறப் பேனா, அட்டை என்றால் நீலம். அட்டைகளை அணிவாரியாகக் கோப்பில் அடுக்கி, எந்த வீரன் எந்த வழியாக வருவான், யார் நிற்பான், யார் தலைகுனிந்தபடி போய்விடுவான் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். பிள்ளைக்கு ஒரே வேலை. முன்னால் போய், "ப்ளீஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லி நீட்ட வேண்டும். தபாலில் அனுப்புவது இன்னொரு வழி: கடிதம், அட்டை, தன் முகவரி எழுதித் தலை ஒட்டிய திரும்பு உறை. வருஷம் கழித்து வந்தாலும் வரும். வராமலும் போகும்.

இதைப் பார்த்தவுடன் நம் விமர்சக மனம் என்ன சொல்லும் என்பது தெரிந்ததே. நட்சத்திர வழிபாடு, பொய்ப் பிரக்ஞை, பண்பாட்டுத் தொழிற்சாலை, அப்பன் பிள்ளைக்கு நுகர்வுக் கலாச்சாரத்தைப் பாலோடு ஊட்டுகிறான் என்று நாலு வரியில் முடித்துவிடலாம். சினிமா ரசிகனைப் பற்றி நாம் ரொம்ப காலம் இப்படித்தான் எழுதினோம். ரசிகன் ஏமாளி, விமர்சகன் விழித்தவன். இந்தப் பிரிவினை விமர்சகனுக்கு வசதியானது என்பதைத் தவிர அதில் வேறு உண்மை குறைவு. கையெழுத்து வாங்குகிற செயலில் மூன்று பேர் இருக்கிறார்கள். போடுகிறவன், வாங்குகிறவன், பக்கத்தில் நிற்கிறவன். முதல் இரண்டு பேரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவது ஆள்மேல்தான் எனக்குக் கண்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒரு தரமாவது நின்றவர்களுக்குத் தெரியும்: சாட்சிக் கையெழுத்து. விற்கிறவரும் வாங்குகிறவரும் போட்டால் மட்டும் பத்திரம் செல்லாது. இன்னார் என் கண்முன்னே போட்டார் என்று இரண்டு பேர் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவரின் எழுத்து வடிவத்துக்கும் நமக்குக் கையெழுத்துதான், அவர் பெயரை ஒப்பமிடுவதற்கும் கையெழுத்துதான். ஆங்கிலமோ பிரெஞ்சோ இரண்டையும் வேறு வேறு சொல்லால் பிரித்துவிடுகிறது. நம் சொல்லில் பிரியாமல் கிடக்கிற இந்த இரண்டுக்கும் நடுவில்தான், ஒருவகையில், தெரிதாவின் கட்டுரை நிற்கிறது.

அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். கையெழுத்து என்பது இந்த ஆள், இந்த இடத்தில், இந்த நேரத்தில் இருந்தார் என்று சொல்வதற்காக ஏற்பட்டது. ஒரே ஒரு தரம் நடந்த ஒன்றின் அடையாளம். ஆனால் அது கையெழுத்தாகச் செல்லுபடியாக வேண்டுமென்றால் நேற்றுப் போட்டதைப் போலவே இன்றும் இருக்க வேண்டும், நாளையும் திரும்பப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தரம் மட்டுமே போடக்கூடிய கையெழுத்து கையெழுத்தே அல்ல, வெறும் கிறுக்கல். அதாவது, திரும்பச் செய்யக்கூடிய தன்மைதான் கையெழுத்தைச் சாத்தியமாக்குகிறது. அதுவேதான் அதைப் போட்டவனிடமிருந்து பிரித்தெடுத்து வேறொருவன் போடவும் வழிசெய்கிறது. போலி என்பது நல்ல கையெழுத்துக்கு வெளியிலிருந்து வந்த விபத்தல்ல, அதன் உள்ளேயே இருக்கிற சாத்தியம். கட்டுரையின் கடைசியில் தெரிதா ஒரு விளையாட்டுச் செய்கிறார். சங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டியிருந்த பிரதியில் போட்ட கையெழுத்தைத் தானே இங்கே போலிசெய்வதாகச் சொல்லி, தன் கையெழுத்தை அச்சில் போட்டுவிடுகிறார். புத்தகத்தின் அத்தனை பிரதிகளிலும் அது இருக்கிறது. அத்தனையும் அவருடையது, ஒன்றும் அவருடையதல்ல.

சரி, மையில் உண்மை இல்லை என்றால் எங்கே இருக்கிறது? தெரிதா இதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்வது அவர் வேலையும் அல்ல. பத்திரப்பதிவு அலுவலகம் சொல்கிறது: பக்கத்தில் நின்றவனிடம்.

*

ஹாக்கியில் கையெழுத்துக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று ஏட்டில் போடுவது, மற்றது ஒப்பந்தத்தில் போடுவது. ரசிகனுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். வீரனுக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது.

அறுபதுகளின் இறுதிவரை வடஅமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியில் 'சி படிவம்' என்று ஒரு காகிதம் இருந்தது. அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பையன் பிற்காலத்தில் தொழில்முறையாக ஆடினால் அந்த ஒரு அணிக்குத்தான் ஆடவேண்டும். அணி அவனை வைத்துக்கொள்ளலாம், கீழ்மட்டக் குழுவில் போட்டுப் புதைக்கலாம், வேறு அணிக்கு விற்கலாம். பையனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு ஒரு சிறு தொகை. கிராமத்துச் சமையலறை மேசையில், அணியின் ஆள் பேனாவை நீட்ட, சுரங்கத் தொழிலாளியோ விவசாயியோ ஆன அப்பா போட்ட கையெழுத்து அது. பின்னாளில் அந்தப் பையனிடம் வேறு பிள்ளைகள் கையெழுத்துக் கேட்டு நிற்பார்கள். ஆனால் அவன் பெயரை முதலில் விற்றது அவன் அப்பாவின் கையெழுத்து.

பாபி ஓர் கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆன்டாரியோவின் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊர். 1962-ல், பதினாலு வயதில், பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குச் சி படிவத்தில் கட்டுப்பட்டார். குடும்பத்துக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை. தற்காப்பு வீரனின் ஆட்டத்தையே மாற்றியெழுதியவன் என்று சொல்லப்படுகிறவனின் விலையில் சுவர்ப்பூச்சும் அடக்கம்! பிறகு ஆலன் ஈகிள்சன் என்ற வக்கீல் அவருக்கு முகவராக வந்தார். தம்பியைப் போலப் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கை. 1976-ல் ஓர் சிகாகோவுக்குப் போனபோது, பாஸ்டன் அணி தனக்கு உடைமையில் ஒரு பங்கே தர முன்வந்திருந்தது என்ற செய்தி அவருக்குத் தெரியாது. முழங்கால் போனது, ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் காசில்லை. வீரர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்த ஈகிள்சன் 1998-ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். வாசிக்காமல் போட்ட கையெழுத்துகளின் சரித்திரம் இது.

கார்டி ஹோவ் கதை இன்னும் எளிமையானது. டெட்ராய்ட் அணியோடு கையெழுத்திட்டபோது அவர் கூடுதலாகக் கேட்டது அணியின் மேலங்கி ஒன்று. நாற்பதுகளின் மத்தியில், பதின்ம வயதில். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த அணியின் தூணாக இருந்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில், பாபி பான் என்ற சக வீரர் சொல்லித்தான் தன் சம்பளம் எவ்வளவு குறைவு என்பது தெரியவந்தது. முதலாளி சொன்னதை நம்பியிருந்தார், அவ்வளவுதான். பிற்பாடு 'மிஸ்டர் ஹாக்கி' என்ற பட்டப்பெயரை வணிகக் குறியாகப் பதிவுசெய்துகொண்டது அந்தக் குடும்பம்; அதில் அவர் மனைவி கொலீனின் பங்கு பெரியது. இதைப் பேராசை என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பெயர் ஒருமுறை ஒரு மேலங்கிக்குப் போனதைக் கண்டவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பெலிவோ. இவர் சி படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. க்யூபெக் நகரத்தின் ஏசஸ் அணியில், பெயரளவுக்கு அமெச்சூராக, நல்ல வருமானத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். மாண்ட்ரியலுக்கு வர அவசரமில்லை. கனடியன்ஸ் நிர்வாகம் கடைசியில் 1953-ல் என்ன செய்தது தெரியுமா? அவர் ஆடிய லீகையே விலைக்கு வாங்கித் தொழில்முறை லீகாக மாற்றிவிட்டது. இனி தொழில்முறையாக ஆடினால் இவர்களுக்குத்தான் ஆடவேண்டும். ஒரு மனிதனின் கையெழுத்துக்காக ஒரு லீக்! அக்டோபரில் போட்டார், ஐந்து வருஷத்துக்கு 1,05,000 டாலர்.

அதே ஏசஸ் அணியில், அதே வருஷங்களில், ஹெர்ப் கார்னகி என்றொருவர் ஆடினார். டொராண்டோவில் ஜமைக்கப் பெற்றோருக்கு 1919-ல் பிறந்த கறுப்பர். 1948-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கீழ்மட்டக் குழுக்களுக்கான ஒப்பந்தத்தை மட்டும் நீட்டியது. க்யூபெக்கில் வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்த சம்பளம். மறுத்துவிட்டார். என்.எச்.எல். பனித்தளத்தில் முதல் கறுப்பரான வில்லி ஓ'ரீ கால் வைத்தது 1958 ஜனவரியில்தான்; அப்போது கார்னகிக்கு வயது கடந்துவிட்டது. புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022-ல், இறந்து பத்து வருஷம் கழித்து. ஒரே அணி, ஒரே பனி. ஒருவரின் கையெழுத்துக்காக லீகை வாங்கினார்கள். இன்னொருவருக்கு உரிய காகிதத்தை எடுத்து நீட்டவே இல்லை. கையெழுத்தின் மதிப்பு கையில் இல்லை, அது எந்தக் காகிதத்தின்மேல் விழ அனுமதிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரதி எனக்குத் தெரிந்து ஹாக்கியில் இல்லை. கையெழுத்துச் சேகரிக்கிறவர்களின் கோப்புகளில் உள்ள வெற்றுப் பைகளையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

*

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது அந்தப் பின்வாசல் காட்சி வேறாகத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் போட்டபோது பெயர் அவனைவிட்டுப் போனது. பிள்ளையின் அட்டையில் போடும்போது, யாரும் எதையும் எழுதிவாங்கிக்கொள்ளாமல், அவன் தன் பெயரைத் தானே கொடுக்கிறான். மார்செல் மாஸ் சொல்கிற கொடை என்று இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாஸின் கொடை திருப்பித் தரும் கடமையை உண்டாக்கும், பத்து வயதுப் பிள்ளை ஹாக்கி வீரனுக்கு எதைத் திருப்பித் தரும்? திருப்புவது வேறொருவருக்கு, வேறொரு காலத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் பிராண்ட்ஃபோர்டு ஊர் விருந்து ஒன்றில் கார்டி ஹோவ் ஒரு சிறுவனோடு நின்று எடுத்துக்கொண்ட படம் பிரசித்தம். ஹாக்கி மட்டையின் வளைவை விளையாட்டாகப் பையன் கழுத்தில் மாட்டி இழுப்பார். பையன் வேய்ன் கிரெட்ஸ்கி. ஹோவின் 9-ஆம் எண்ணை நினைத்துப் பின்னாளில் 99 என்று போட்டுக்கொண்டவர், 1989-ல் ஹோவின் மொத்தப் புள்ளிச் சாதனையை முறியடித்தார். அவருடைய அப்பா வால்டர், வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறையவைத்துப் பனித்தளம் போட்டவர், கடைசிக் காலம்வரை (2021-ல் இறந்தார்) தேடி வந்தவர்களுக்கெல்லாம் தானும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். சாட்சியாக நின்றவரிடமே கையெழுத்து வாங்கினார்கள்!

பெலிவோவிடம் திரும்புவோம். 'கையெழுத்து நல்லாயிருந்தா தலையெழுத்து நல்லாயிருக்காது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பழமொழியைப் பொய்யாக்கியவர் பெலிவோ. அவசரமாக ஒரு கோடும் சுழியும் போட்டுவிட்டு எண்ணை எழுதித் தள்ளிவிடும் வழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. பெலிவோ ஒவ்வொரு எழுத்தையும் எழுதினார். கடிதங்களுக்குத் தாமே பதில் போட்டார். ஓய்வுபெற்று நாற்பது வருஷமானபின்னும் நிறுத்தவில்லை. 1994-ல் நாட்டின் கவர்னர் ஜெனரல் பதவி தேடி வந்தபோது, தகப்பனை இழந்த பேத்திகளோடு இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். பெரிய காகிதங்களில் கையெழுத்துப் போடத் தயங்கிய மனிதர், சின்னக் காகிதங்களில் தயங்கவில்லை.

ஏட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கமே நட்சத்திரத்தோடு தொடங்கியதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் மாணவர்கள் லூதர், மெலாங்க்தன் போன்ற ஆசிரியர்களிடமும் தங்களுக்குள்ளும் எழுதிவாங்கிய ஏடுகளுக்கு 'நண்பர்களின் ஏடு' என்றே லத்தீனில் பெயர். நம் பள்ளிக்கூடங்களில் பத்தாம் வகுப்பு முடிகிறபோது சுற்றிவரும் ஆட்டோகிராப் நோட்டும் இந்த வம்சம்தான். அதில் முக்கியம் ஒப்பம் அல்ல, யாருக்கு யார் எழுதியது என்பது.

ஹாக்கியில் அது ஒரு கேள்வியாக மிஞ்சியிருக்கிறது. "யார் பேருக்குப் போடணும்?" வீரன் குனிந்து கேட்பான். கேட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. தன் பெயரை அவன் ஆயிரம் தரம் போட்டிருப்பான்; கை தானாகப் போட்டுவிடும், மனசு வேறெங்காவது இருக்கலாம். ஆனால் எதிரில் நிற்கிற பிள்ளையின் பெயர் அவன் கைக்குப் பழக்கமில்லாதது. அதை எழுத அவன் காதுகொடுக்க வேண்டும், ஒரு நொடி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எண்பதுகளுக்குப் பிறகு வளர்ந்த நம் ஈழத்துப் பிள்ளைகளின் பெயராக இருந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லவும் வேண்டும். அப்படியும் ஒரு எழுத்து விட்டுப்போகும். திரும்பச் செய்யக்கூடிய தன்மைதான் கையெழுத்து என்று தெரிதா சொன்னது சரியென்றால், இந்த 'இன்னாருக்கு' என்ற பகுதி அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. போலிசெய்ய முடியாதது என்று சொல்லவரவில்லை. போலிசெய்து யாருக்கும் லாபமில்லாதது.

ஏனென்றால் சந்தையின் கணக்கில் அது ஒரு கறை. பெயர் எழுதாத வெறும் ஒப்பத்துக்குத்தான் நல்ல விலை. 'இன்னாருக்கு' என்று இருந்தால் பெரும்பாலும் விலை குறையும். வியாபாரிகள் பிள்ளைகளுக்குக் காசுகொடுத்து முன்னால் நிறுத்திவைக்கிற பழக்கம் பெருகியபின், விற்பனையைத் தடுப்பதற்காகவே வீரர்கள் பலர் பெயர் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். பேர் சொல்லத் தயங்குகிற பிள்ளையைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் இத்தனை வெளிப்படையாக ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற இடம் அபூர்வம். பிள்ளைக்கு எது உயிரோ அது வியாபாரிக்குச் சேதாரம்.

இந்த இடத்தில் அப்பாக்களை ஒரேயடியாகப் புனிதப்படுத்த வேண்டாம். பிள்ளையை முன்னால் அனுப்புகிற எல்லா அப்பாவும் பிள்ளைக்காகத்தான் அனுப்புகிறார் என்று சொல்ல முடியாது. பிள்ளையின் பெயர் வேண்டாம், வெறும் ஒப்பம் போதும் என்று காதில் சொல்லியனுப்புகிறவர்களும் உண்டு. 'எதிர்காலத்துக்கு' என்று அதற்கு நியாயமும் வைத்திருப்பார்கள். 1979-ல் ஓ-பீ-சீ கம்பெனி போட்ட கிரெட்ஸ்கியின் முதல் அட்டை ஒன்று, கீறல்கூட இல்லாத நிலையில் இருந்தது, 2021-ல் முப்பத்தேழரை லட்சம் டாலருக்குப் போனது. அதில் கையெழுத்துகூட இல்லை. பபிள்கம்மோடு வந்த அட்டை! இந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்தபின் அப்பா கோப்பைப் பார்க்கும் பார்வை முன்போல இருக்காது. சி படிவத்தில் போட்ட அப்பாவும் இதே 'எதிர்காலத்துக்கு'த்தான் போட்டார்.

அம்மாக்கள் இந்தச் சொல்லாடலில் எங்கே? காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுவிடுகிற கார் ஓட்டியாக இருக்கிறார்கள். ரோக் கரியேயின் 'ஹாக்கிச் சட்டை' (1979) கனடாவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 2002-ல் வந்த ஐந்து டாலர் நோட்டில் அதிலிருந்து சில வரிகளையே அச்சிட்டார்கள். க்யூபெக் கிராமம்; பையன்கள் எல்லோரும் மொரீஸ் ரிஷாரின் 9-ஆம் எண் சட்டை. அம்மா ஈட்டன் கம்பெனி அட்டவணையின் ஆங்கிலப் படிவத்தை ஒதுக்கிவிட்டுத் தன் கையால் முதலாளிக்கே பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறாள். வந்து சேருவது எதிரி அணியான டொராண்டோவின் சட்டை. இந்தக் கதையை மொழி அரசியலாகவே வாசித்து வந்திருக்கிறார்கள், அது சரிதான். எனக்குப் படிவத்துக்கும் கடிதத்துக்கும் இடையிலான சண்டையாகவும் படுகிறது. படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்தான் உண்டு. கடிதத்தில் யார், யாருக்கு, எதற்காக எல்லாம் உண்டு. கம்பெனிக்குக் கடிதம் வாசிக்கத் தெரியவில்லை. பெண்களுக்கான தொழில்முறை லீக் 2024 ஜனவரியில் தொடங்கியபின் அம்மாவும் மகளுமாக அட்டை நீட்டி நிற்பது புதிய காட்சி. அங்கேயும் கோப்பை யார் சுமப்பார்கள் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் நடந்த மாற்றத்துக்கு வருகிறேன். போலிகள் பெருகின. அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்தப் பத்தாண்டின் கடைசியில் 'புல்பென்' என்ற பெயரில் நடத்திய வேட்டையில் சிக்கிய கும்பல், அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூடத் தயாரித்து விற்றிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்து மட்டும் நம்ப முடியாது என்று சந்தைக்கே புரிந்துபோயிற்று. தெரிதாவை வாசித்து அல்ல, நஷ்டப்பட்டு. அப்பர் டெக் என்ற அட்டைக் கம்பெனி 1992-ல் ஒரு வழி கண்டது. வீரன் கையெழுத்துப் போடும்போது கம்பெனியின் ஆள் கூடவே இருந்து பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாக எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். சாட்சிக் கையெழுத்தேதான்! பக்கத்தில் நிற்கிற அந்த மூன்றாவது ஆளின் இடம் சம்பளம் கொடுத்து நிரப்பப்பட்டது. அப்பா நின்ற இடம் அது.

அதன் அடுத்த படி ஒட்டுக் கையெழுத்து. ஒளிபுகும் சின்ன ஒட்டிகள் நிறைந்த தாள்களைக் கட்டுக்கட்டாக வீரனுக்கு அனுப்புவார்கள். அவன் உட்கார்ந்து வரிசையாகப் போட்டுத் திருப்பி அனுப்புவான். பிறகு எந்த அட்டையில் ஒட்ட வேண்டுமோ அதில் ஒட்டி உறைக்குள் போட்டு விற்பார்கள். போடும்போது அந்த அட்டை அச்சாகியே இருக்காது. எதன்மேல், யாருக்கு, எப்போது என்ற எதுவும் இல்லாமல் தனியாகக் கழன்று நிற்கிற ஒப்பம். சூழமைவிலிருந்து பிரித்தெடுக்கத்தக்கது குறி என்று மாண்ட்ரியலில் வாதிட்டவர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சேகரிப்பாளர்களுக்கும் இது உறுத்துகிறது. நேரடியாக அட்டைமேலேயே போட்டதற்கு இன்னமும் கூடுதல் மதிப்பு.

பிறகு சான்றளிக்கும் நிறுவனங்கள் வந்தன. இவர்கள் கூட இருந்து பார்த்தவர்கள் அல்ல. அட்டையை அனுப்பினால், ஏற்கெனவே உண்மையென்று ஏற்கப்பட்ட கையெழுத்துகளோடு ஒப்பிட்டு, இது அசல் என்றோ அசலாகத் தோன்றவில்லை என்றோ கருத்துச் சொல்வார்கள். கருத்துதான்; சாட்சியம் அல்ல. ஒப்பிட்டுச் சொல்வது என்பது, முன்பு போட்டதைப் போல இருக்கிறதா என்று பார்ப்பது. குளிரில் கை விறைத்து, கையுறையைப் பாதி கழற்றி, பஸ் கிளம்புகிற அவசரத்தில், நடந்துகொண்டே போட்ட ஒப்பம் முன்பு போட்டதைப் போல எப்படி இருக்கும்? எது உண்மையில் நிகழ்வோ அது இந்தத் தேர்வில் தோற்பதற்கு வாய்ப்பு அதிகம். மேசையில் வசதியாக உட்கார்ந்து பழகிப்பழகிப் போட்ட போலி ஜெயிப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

பையன் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போயிருப்பான். கோப்பு அநேகமாக அப்பா வீட்டு நிலவறையில் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள், பணமுடையோ, வெறும் ஆசையோ, இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு அட்டையைச் சான்றுக்கு அனுப்புவார்கள். ஆறு வாரம் கழித்து அட்டை திரும்பி வரும், கூடவே அசலாகத் தோன்றவில்லை என்ற அச்சடித்த சீட்டு. "நான் பக்கத்துலயே நின்னேனேப்பா" என்பார் அப்பா. "தெரியும்ப்பா" என்பான் பையன். இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதுவதற்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது.